என் கை படாத தேய்மானம்

நீ இன்னும் பிறக்கவில்லை. நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். மகனுக்குக் கடிதம் எழுதும் அம்மாக்கள் எல்லோரும் அவன் கல்யாணத்துக்கு முந்தின வாரமோ, அவன் வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டும்போதோதான் உட்கார்ந்து எழுதுவார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அதுவரை பொறுக்க முடியாது. விடிவதற்குள் யாரிடமாவது சொல்லியாக வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. அப்பாவிடம் சொன்னால் அவருக்கு வலிக்கும். என் சிநேகிதி ஜெனியிடம் சொன்னால் அவள் என்னோடு பேசுவதை விட்டுவிடுவாள். அம்மாவிடம் சொல்வதும் அப்பாவிடம் சொல்வதும் ஒன்றுதான். மிச்சம் இருப்பது நீ. உன்னை மகன் என்றே வைத்துக்கொள்கிறேன். மகள் என்று நினைத்தால் என்னைப் போலவே ஒருத்தி எதிரில் வந்து உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது. எனக்கு இன்று என்னைப் பார்த்துத்தான் பயம்.

என் கட்டிலில் இரண்டு கிட்டார்கள் படுத்திருக்கின்றன. நான் தரையில் இருக்கிறேன். படூரில் நாங்கள் குடிவந்திருக்கும் புது ஃபிளாட்டில் இது என் அறை. கதவுக்கு இன்னும் பாலிஷ் போடவில்லை, அதனால் தாழ்ப்பாளும் மாட்டவில்லை. நாற்காலியை முட்டுக் கொடுத்திருக்கிறேன். செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பக்கத்து அறையில் அம்மா தூங்குகிறாள். அப்பாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் சர்வர்கள் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. விடிந்ததும் கம்பெனி வண்டி அவரை வாசலில் இறக்கிவிடும். அவர் காபி குடித்து முடிப்பதற்குள் பாலிஷ் போடும் பாபு அண்ணன் வந்துவிடுவார். கதவுகளைத் தொடுவதற்கு முன்னால் இந்த இரண்டில் பழைய கிட்டாரைக் கையில் எடுப்பார். உப்புத்தாள் போட்டு மேலெல்லாம் தேய்ப்பார், சீலர் என்ற அடிப்பூச்சு அடிப்பார், எங்கள் அலமாரிக் கதவு மாதிரி பளபளவென்று ஆக்கித் தருவார். இதை ஏற்பாடு செய்தது நான். எல்லோரும் என்னைப் பாராட்டி முடித்துவிட்டார்கள். இது எவ்வளவு கெட்ட காரியம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பழைய கிட்டார் எங்கள் சர்ச்சுடையது. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே திரும்பும் ரோட்டில் எங்கள் காலனி இருக்கிறது. அங்கேதான் அப்பா பிறந்தார், நானும் பிறந்தேன். தாத்தா காலத்தில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இப்போது கல்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் இருக்கிறார், கார் ஓட்டுகிறவர் இருக்கிறார், ஈசிஆர் ரிசார்ட்டில் தோட்டம் பார்க்கிறவர் இருக்கிறார், அப்பாவைப் போல் ஆபீஸ் அட்டை மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோதே நாங்கள் காலனியை விட்டுப் படூரில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் கார் எடுத்துக்கொண்டு போவோம். போய் இறங்கியதும் எல்லோரும் அப்பாவைச் சுற்றி நின்று பேசுவார்கள். நான் நேராகப் பாடகர் பெஞ்சுக்குப் போவேன். பாடுவதற்காகப் போகவில்லை. அந்தக் கிட்டார் பக்கத்தில் உட்காருவதற்காக.

அது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டும். நடுத்துளைக்குக் கீழே, அடிக்கும் கை வந்து வந்து உரசும் இடத்தில், மேல்பூச்சு முழுக்கப் போய் மரம் தெரியும். பலாக்கொட்டையின் தோலை உரித்தால் உள்ளே வெளுப்பாகத் தெரியுமே, அந்த நிறம். வலது முழங்கை வந்து தங்கும் விளிம்பு வியர்வையில் கறுத்துவிட்டது. கழுத்தின் பின்பக்கம் நாளும் புழங்கிய கரண்டிக் காம்பு மாதிரி வழவழப்பாக இருக்கும். கம்பியை முறுக்கும் திருகுகளில் ஒன்று மட்டும் வெள்ளை. உடைந்துபோனதற்குப் பதில் வேறு எதிலிருந்தோ கழற்றிப் போட்டது. கடல் காற்றில் கம்பி துரு பிடிக்கும் என்று வாரா வாரம் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைப்பார்கள், அதனால் பெட்டியைத் திறந்ததும் தலைக்குக் குளித்த வீட்டு வாசனை வரும். கம்பிகள் வந்து முடியும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுச் சொட்டு காய்ந்து ஒட்டியிருக்கும். ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் கரண்ட் போனபோது, கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த சாமு அண்ணனுக்கு வெளிச்சம் காட்ட ஒரு சின்னப் பெண் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை நடுங்கிச் சொட்டிவிட்டது. அந்தச் சின்னப் பெண் ஜெனி.

ஜெனி எனக்குச் சிநேகிதி. காலனியில் எங்கள் பழைய வீட்டுக்கு அடுத்த வீடு. நாங்கள் படூருக்கு வராமல் இருந்திருந்தால் அந்த மெழுகுவர்த்தியை நானும் பிடித்திருக்கலாம் என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறேன் தெரியுமா. அந்த ஆராதனையன்று எங்களுக்கு வேறு எங்கோ விருந்து.

சாமு அண்ணன் எங்கள் சர்ச்சில் வருஷக்கணக்காகக் கிட்டார் வாசித்தவர். எனக்கும் ஜெனிக்கும் அவர்தான் கார்டு சொல்லிக்கொடுத்தார், அதாவது எந்தப் பாட்டுக்கு எந்தக் கம்பியை எந்த விரலால் அழுத்திப் பிடிப்பது என்று. ஆளுக்குப் பாதி ஆராதனை அந்தப் பழைய கிட்டாரை மடியில் வைத்துக்கொள்ளலாம். அதில் தப்பாக அடித்தால்கூட எனக்குக் கூச்சமாக இருக்காது. அது எத்தனையோ பேருடைய தப்புகளைக் கேட்டிருக்கிறது. என்னுடையதும் அதோடு சேர்ந்து போய்விடும். விரல் வைக்க வேண்டிய இடங்களில் ஏற்கெனவே சின்னக் குழிகள் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எனக்கு முன்னால் இருந்தவர்கள் எங்கே நின்றார்கள் என்று தெரிந்துவிடும். போன வருஷம் என் பிறந்தநாளுக்கு முந்தின வாரம் அப்பா எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கிட்டார் என்றேன். அந்தக் கிட்டார் மாதிரி ஒன்று என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை. இதை நீ நன்றாக நினைவில் வைத்துக்கொள், மகனே. கேட்கும்போது முழுசாகக் கேள். பாதி கேட்டால் கிடைப்பதும் பாதிதான், அதற்கு நன்றியும் சொல்ல வேண்டிவரும்.

அப்பா சென்னை வரை போய் வாங்கி வந்தார். செர்ரிப் பழ நிறம். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. துளைக்குக் கீழே கை உரசாமல் இருக்க ஒட்டியிருக்கும் கறுப்புத் தகட்டின் மேல், கடையில் ஒட்டிய கண்ணாடித்தாள் அப்படியே இருந்தது. உரிக்கப் போனேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அது அப்படித்தான். டிவி ரிமோட்டுக்கு பாலித்தீன் உறை. ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குத் துணி. கார் வாங்கி எவ்வளவு காலமோ ஆகிறது, பின் சீட்டில் உட்கார்ந்தால் இன்னும் பிளாஸ்டிக் தொடையில் ஒட்டும். அந்தக் கிட்டாரை மடியில் வைத்தால் யாரோ வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிற மாதிரி இருக்கும், எங்கே அழுக்காகிவிடுமோ என்று. அது பேசவும் யோசிக்கும். பழையது தொட்டால் பேசும். இது ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் மாதிரி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். அதை முதல்முறை சர்ச்சுக்குக் கொண்டுபோனபோது சாமு அண்ணன் கண்ணாடித்தாளை விரலால் தட்டிப் பார்த்தார். "இன்னா பாப்பா, இது கிட்டாரா, கல்யாணத்துக்கு வாங்குன சோபாவா?" பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஜெனி மட்டும் சிரிக்கவில்லை. என் கிட்டாரின் விளிம்பைச் கடையில் பட்டுச் சேலையைத் தடவுகிற மாதிரி ஒரு விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. ஒருத்தி என்மேல் பொறாமைப்படுகிறாள் என்பது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சுகத்துக்கு விலை இருக்கிறது என்று தெரியவில்லை.

எங்கள் சர்ச்சில் ஒரு வழக்கம் உண்டு. வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கிட்டார் யாருக்கும் சொந்தமில்லை. வாசிக்கிறவர் வீட்டில் இருக்கும். அவர் கல்யாணமாகியோ வேலைக்கோ ஊரை விட்டுப் போகும்போது, கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸின் கடைசி நாள், வீடு வீடாகப் பாடி முடித்துத் திரும்பி வந்து எல்லோரும் சாப்பிட உட்காருவதற்கு முன்னால், அடுத்தவருக்குக் கொடுப்பார். சும்மா நீட்டிவிடக் கூடாது. கிட்டார் புதிதாக வாங்குகிறவர் மடியில் இருக்கும். கொடுக்கிறவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து கார்டு பிடிப்பார். வாங்குகிறவர் வலது கையால் அடிப்பார். ஒரே கிட்டார், இரண்டு பேர், ஒரு பாட்டு. பாட்டு முடியும்போது கொடுக்கிறவர் கையை எடுத்துவிடுவார். அவ்வளவுதான். சாமு அண்ணனுக்கு ஒசூரில் வேலை கிடைத்திருந்தது. இந்த டிசம்பரில் கொடுக்கப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கா ஜெனிக்கா என்பதுதான் பேச்சு.

ஜெனி என்னைவிட நன்றாக வாசிக்கிறாள் என்றால்கூடத் தாங்கியிருப்பேன். எஃப் கார்டு பிடிக்க அவளுக்கு இன்னும் விரல் எட்டாது; அந்த இடம் வரும்போது பாட்டைச் சத்தமாகப் பாடிச் சமாளிப்பாள். எனக்குத்தான் என்று நிச்சயமாக இருந்தேன். அன்றைக்கு நான் புதுக் கிட்டாரைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன். சாமு அண்ணன் பெயரைச் சொல்லவில்லை, கிட்டாரைக் கொண்டுபோய் ஜெனி மடியில் வைத்தார். என் முகத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. சாதாரணமாக, ஒரு கரண்டிச் சோற்றை யாருக்குப் போடுவது என்று சொல்வது மாதிரிச் சொன்னார்.

"உன்னாண்டதான் புதுசே கீதே பாப்பா. ஜெனியாண்ட இன்னா கீது?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நியாயம்தான். என்னாலேயே அதில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. முதுகில் இருந்த கிட்டார் ஆள் கனம் கனத்தது. சாமு அண்ணனின் இடது கையும் ஜெனியின் வலது கையும் சேர்ந்து வாசித்த அந்தப் பாட்டை நானும் பாடினேன். எஃப் கார்டு வந்தபோது அது சுத்தமாக விழுந்தது, அவர் பிடித்திருந்தார் அல்லவா. ஜெனி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சிரிப்பை நான் சிரித்ததில்லை, நீ சிரிக்கவும் வேண்டாம்.

திரும்பி வரும்போது கார் திருப்போரூரைத் தாண்டியது. அது போனால் போகட்டும் என்றார் அப்பா. எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு அந்தப் பழசுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அப்பா காரை ஓரமாக நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு சட்டையைப் பற்றிச் சொன்னார். ஆறாம் வகுப்பில் அவருக்குப் பள்ளிக்கூடம் போக ஒரு வெள்ளைச் சட்டை கிடைத்ததாம். தாத்தா வேலை செய்த வீட்டிலிருந்து கொடுத்தது. காலருக்கு உள்ளே அந்த வீட்டுச் சலவைக் குறி இருந்தது. வகுப்பில் பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்து, காலரை மடித்துப் பார்த்து, இது என் சட்டை என்று சொன்னான். சண்டைக்குச் சொல்லவில்லையாம். சும்மா, அடையாளம் கண்டுபிடித்த சந்தோஷத்தில் சொன்னான். அதற்கப்புறம் அப்பா எந்த வெயிலிலும் மேல் பொத்தானைக் கழற்றியதில்லை. இன்றைக்கும் கழற்றுவதில்லை, ஆபீஸ் பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன்.

"அடுத்தவன் தேச்சத என் பொண்ணு தொடக் கூடாதுன்னுதான் ராவெல்லாம் முழிச்சிகினு கீறேன்" என்றார். வீட்டில் அவர் அப்படிப் பேசுவதில்லை. காலனிப் பேச்சு தானாக வந்துவிட்டது.

நான் ஆசைப்படுவது அவருக்கு அவமானமாக இருக்கிறது. அவர் கொடுத்தது எனக்குப் பாரமாக இருக்கிறது. இரண்டு பேருக்கும் இடையில் கியர் கம்பியின் மேல் அவர் கை இருந்தது. அதைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, பிடிக்கவில்லை.

ஜனவரியில் பாபு அண்ணன் வேலையை ஆரம்பித்தார். காலனி வீட்டிலிருந்து கொண்டுவந்த எங்கள் பழைய மேஜைதான் முதலில். அதில் நான் சின்ன வயதில் சூடான டம்ளர் வைத்து விழுந்த வெள்ளை வட்டம் ஒன்று இருந்தது. அவர் உப்புத்தாளை மடித்து நாலு இழுப்பு இழுத்தார், வட்டம் போய்விட்டது. யார் வைத்தது, எப்போது வைத்தது என்று கேட்க அங்கே ஒன்றுமே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. வந்த உடனே அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெனியிடம் கேட்டேன். பழசாகிவிட்டதே, எங்கள் வீட்டில் பாலிஷ் போடுகிறவர் இருக்கிறார், புதுசு மாதிரி ஆக்கித் தரட்டுமா, அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் என் கிட்டாரை வைத்து வாசி என்றேன். மரத்துக்குப் பூச்சு இல்லாவிட்டால் கடல் காற்றில் வெடித்துவிடும் என்று ஒரு காரணமும் சொன்னேன். உண்மையோ பொய்யோ, எனக்குத் தெரியாது. ஜெனி கிட்டாரை மடியில் திருப்பிப் பார்த்தாள். "நீ சொன்னா சரிதான்டி, உனுக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றாள். பிறகு அந்த மெழுகுச் சொட்டின் மேல் விரலை வைத்தாள். "இது மட்டும் இருக்கட்டும். இது என்னுது."

சரி என்றேன். பாலிஷ் போடுகிறவர்கள் முதலில் சுரண்டுவது மெழுகைத்தான் என்று எனக்கு அப்போதே தெரியும். மெழுகு இருந்தால் பூச்சு பிடிக்காது.

பாஸ்டர் ஆராதனை முடிவில் அறிவித்தார், எங்கள் குடும்பம் இதைச் செய்து தருகிறது என்று. வயதானவர்கள் வந்து என் தலையில் கை வைத்தார்கள். எல்லோரையும்விட அப்பாவுக்குத்தான் சந்தோஷம். சர்ச்சுக் கிட்டாரே புதுசாகிவிட்டால் அவர் மகள் பழசுக்கு ஏங்க வேண்டியதில்லை. அதைச் செய்து கொடுத்ததும் அவராகவே இருக்கும். பாபு அண்ணனுக்கும் சந்தோஷம். கதவு கதவாகத் தேய்த்து அலுத்திருந்த மனிதர். "பண்ணிடலாம் பாப்பா, மூஞ்சி பாத்துக்கலாம் அதுல" என்றார். கம்பிகளை மட்டும் முன்னாடியே கழற்றி வைத்துவிடு, வந்ததும் ஆரம்பித்துவிடுகிறேன் என்றும் சொன்னார். யாருமே கெட்டவர்கள் இல்லாத ஒரு கெட்ட காரியத்தை நீ பார்த்திருக்கிறாயா? எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. நான் செய்துவிட்டால் சாகும் வரை ஒருத்தருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அது பளபளக்கும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு நன்றி சொல்வார்கள்.

இன்று மாலை ஜெனி வீட்டிலிருந்து கிட்டார் வந்தது. கம்பிகளைத் தளர்த்தி ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கம்பியில்லாமல் அதைப் பார்க்க, பல் செட்டைக் கழற்றிய முகம் மாதிரி இருந்தது. பிறகு நானே அந்த மெழுகில் நகத்தை வைத்தேன். பாபு அண்ணன் சுரண்டினால் அது வேலை. நான் சுரண்டினால்தான் அது நான் செய்ததாக இருக்கும் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. இவ்வளவு நாளும் அதில் என்னுடையது ஒன்றுமே இல்லை. வெளுத்த இடம் சாமு அண்ணனுடையது, கறுத்த விளிம்பு அவருக்கு முன்னால் இருந்த யாருடையதோ, குழிகள் யார் யாருடையதோ, மெழுகு ஜெனியுடையது. நான் காரில் வந்து காரில் போனவள். நான் இல்லாத இடத்தில் யாருமே இருக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன், மகனே. வேறு எந்தக் காரணமும் இல்லை. கடல் காற்றும் இல்லை, வெடிப்பும் இல்லை.

மெழுகின் ஓரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டது. நகத்துக்கு அடியில் ஒரு துணுக்கு வந்தது. முகர்ந்து பார்த்தேன், தேங்காய் எண்ணெய்தான் மணத்தது. அப்போது ஜெனி விரலை வைத்தது நினைவுக்கு வந்தது. அவளுக்கு என் கிட்டாரின் பளபளப்புதான் பிடிக்கும். அப்படியிருந்தும் இது இருக்கட்டும் என்று கேட்டாள். வெட்கப்படாமல் கேட்டாள். எனக்கு வேண்டியதை நான் ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை. சாமு அண்ணனிடம் முன்னாடியே போய், எனக்குக் கொடுங்கள், என் கிட்டாரை ஜெனிக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அப்பாவுக்காகப் பயந்து சொல்லவில்லை, பிறகு சொல்லாததற்காக எல்லோரையும் வெறுத்தேன்.

கையை எடுத்துவிட்டேன். தூக்கிய ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். உடம்புச் சூட்டில் அது மறுபடி ஒட்டிக்கொண்டது. ஆனால் பழையபடி இல்லை. உற்றுப் பார்த்தால் என் ரேகை அதில் விழுந்திருக்கிறது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது என்றால் நீ என்ன நினைப்பாய்? வந்தது. நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. ஜெனிமேல் எனக்கு இப்போதும் பொறாமைதான், நாளைக்கும் இருக்கும்.

அதனால் இனி செய்ய வேண்டியது இதுதான். கம்பிகளைத் திரும்பக் கட்ட வேண்டும். கட்டினால் சுருதி சேர்க்க வேண்டும், சேர்க்க வேண்டும் என்றால் மீட்ட வேண்டும். கழற்றும்போது சத்தமே வரவில்லை. கட்டும்போதுதான் வரும். அம்மா எழுந்து வந்து நாற்காலியைத் தள்ளுவாள், இந்த நேரத்தில் என்னடி என்பாள். காலையில் அப்பா வருவார். பாபு அண்ணனை அவர் எதிரில் திருப்பி அனுப்ப வேண்டும். பாஸ்டர் அறிவித்தாயிற்று, தலையில் கை வைத்தாயிற்று. ஏன் என்று அப்பா கேட்பார். பழசுதான் வேண்டும் என்று மகள் சொல்லும்போது அவர் கை மேல் பொத்தானுக்குப் போகும். அதைப் பார்த்துக்கொண்டு நான் பேச வேண்டும்.

அவரிடம் சொல்ல ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். அந்தச் சட்டையைக் கொடுத்தவர்கள் அது தங்களுக்கு வேண்டாம் என்று ஆனபிறகு கொடுத்தார்கள். கழித்துப் போட்டது உங்களுக்கு வந்தது. இந்தக் கிட்டாரை சாமு அண்ணன் வேண்டாம் என்று கொடுக்கவில்லை. பிடித்த பிடியை விடாமல், வாசித்துக்கொண்டே கொடுத்தார். பாட்டு முடிந்து கையை எடுத்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று நீங்களும்தானே பார்த்தீர்கள் அப்பா. இதை எழுதும்போது சரியாக வருகிறது. அவர் எதிரில் நிற்கும்போது வாயில் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் அழுவேன். அழுதாலும் கிட்டாரைக் கொடுக்கமாட்டேன். ஜெனியிடம் உண்மையைச் சொல்வேனா என்று கேட்காதே. மெழுகில் ரேகை இருப்பதை அவளாகப் பார்த்துக் கேட்டால் சொல்வேன்.

இன்னொன்றும் செய்துவிட்டேன். இதை எழுதுவதற்கு நடுவில் எழுந்து, என் செர்ரி நிறக் கிட்டாரின் கண்ணாடித்தாளை உரித்தேன். மெதுவாகத்தான் உரித்தேன், ஆனாலும் அது கிழிகிற சத்தத்தில் பக்கத்து அறையில் அம்மா புரண்டு படுப்பது கேட்டது. அடியில் இருந்த கறுப்பு அவ்வளவு சுத்தமாக, பச்சைக் குழந்தையின் உள்ளங்கால் மாதிரி இருந்தது. அதில் தூசி வந்து உட்காரும். நாளை முதல் அதை எடுத்து வைத்து அடிக்கப் போகிறேன், பத்திரமாக அல்ல. எஃப் கார்டு வராத ஜெனியிடமும் கொடுப்பேன், அவளும் அடிக்கட்டும். வியர்வை படட்டும். கடல் காற்றில் கொண்டுபோய் வைப்பேன். எவ்வளவு காலம் ஆகும் என்று தெரியாது. நீ பிறந்து, வளர்ந்து, பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பும்போது அதற்கும் துளைக்குக் கீழே வெளுத்திருக்கும், கழுத்து வழவழத்திருக்கும், தொட்டால் பேசும்.

அது உன் கைக்கு வரும். ஒரு நாள்கூட அதைத் தேய்க்காமல், ஒரு ராத்திரிகூட நாற்காலியை முட்டுக் கொடுத்து உட்காராமல், உனக்கு அது தேய்ந்தே கிடைக்கும். அதை நினைத்தால் உன்மேலும் எனக்கு இப்போதே பொறாமையாக இருக்கிறது. உன்மேல் பொறாமைப்படுவதை மறைக்கமாட்டேன். மறைத்தால் என்ன செய்வேன் என்று பார்த்துவிட்டேன். அதனால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், கேட்டுக்கொள். வாசலில் நின்று சும்மா எடுத்து நீட்டிவிடமாட்டேன். உன் மடியில் வைப்பேன், பக்கத்தில் ஒட்டி உட்காருவேன். நீ அடி. கார்டு நான்தான் பிடிப்பேன். பாட்டு முடிந்தும் நான் கையை எடுக்காவிட்டால், நீயாக ஒன்றும் சொல்லாதே. கொஞ்சம் பொறு.

இப்போது கம்பி கட்டப் போகிறேன். தடித்த கம்பியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதன் சத்தம்தான் சுவர் தாண்டிக் கேட்கும்.